ஸ்கேல் நின்ற வரி

காட்டூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்டு அறையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அங்கே கிளார்க், ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். நெற்றியில் திருநீறு, காதோரம் நரை. கம்ப்யூட்டர் திரையிலும் மர ஸ்கேலை வைத்து, வரி வரியாக இறக்கித்தான் படிப்பார்.

நான் போனது ரிப்போர்ட்டில் ஒரு ஃபார்முலாவைத் திருத்த. இன்றைய தேதியிலிருந்து பிறந்த தேதியைக் கழித்து வயதைப் போடும்படி யாரோ எழுதிவைத்திருந்தார்கள். அதனால் இறந்துபோன நோயாளிகளுக்கும் வருஷா வருஷம் வயது ஏறிக்கொண்டிருந்தது. இறந்த தேதியோடு வயது நின்றுவிடும்படி மாற்றினேன். பத்து நிமிட வேலை.

"தினம் பாக்குறீங்க, இந்தத் தப்பு உங்க கண்ணுல படலையாம்மா?" என்று கேட்டேன், கொஞ்சம் மிதப்பாக.

அவர் ஸ்கேலை இறக்கிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார். ஒரு பெண் குழந்தையின் பெயர். வயது இப்போது ஒன்பது.

"பட்டுச்சுங்க சார். எம் பொண்ணு, இங்கதான் போனா. போன மாசந்தான் அவளுக்குப் பதிமூணு முடிஞ்சுச்சு."

பழையபடி மாற்றிவிடவா என்று கேட்க எனக்கு ஏன் வாய் வரவில்லையோ, இன்றுவரை தெரியவில்லை. வேலை முடிந்ததற்கான தாளை நீட்டினேன். வலது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இடது கை மட்டும் ஸ்கேலை அந்த வரியிலிருந்து எடுக்கவேயில்லை.