ஒரு கரண்டித் தேநீர், ஒரு குழாய் ரத்தம்

தேயிலைக் கிடங்கில் அவருக்கு 'உறிஞ்சி' என்று பெயர். நாற்பது கிண்ணம் தேநீரை வரிசையாக வைத்தால், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பிவிட்டு, 'எடு' அல்லது 'தள்ளு' என்பார். அதற்கு மேல் மேலாளர்கூட மறுபேச்சு பேசமாட்டார். இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் அவர் 'எடு' என்ற சரக்கு, அடிமூட்டையெல்லாம் பூசணம் என்று திரும்பி வந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே இன்றைக்கும் அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் புற்றுநோய். ஒரு வைரஸால் வந்தது என்றார்கள். முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு. பதினைந்தாம் நாளே எச்சில் வற்றி, வாய் பஞ்சாக உலர்ந்துவிட்டது. உயிர் போய்விடுமோ என்று ஒரு பயம். உயிர் தங்கி நாக்கு போய்விட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பயம்.

டாக்டரம்மா அன்று அவர் மனைவியையும் உட்காரவைத்துப் பேசினார்.

"ஆரம்பத்துல உங்க ரத்தத்துல அந்த வைரஸோட துணுக்கு நிறைய இருந்துச்சு. இப்ப பாத்தா மளமளன்னு குறைஞ்சிருக்கு. இப்படிக் குறையறவங்களுக்குக் கதிர்வீச்சையும் குறைக்கலாமான்னு ஒரு ஆய்வு நடக்குது. நீங்க சம்மதிச்சா இருபத்தஞ்சோட நிறுத்திக்கலாம். எச்சில் சுரப்பி கொஞ்சமாவது பிழைக்கும்."

அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "இத்தனூண்டு குழாய் ரத்தத்தை நம்பியா பத்து நாளைக் குறைக்கிறீங்க? உள்ள எங்கயாவது ஒளிஞ்சிருந்தா?"

மனைவி சிரித்துவிட்டாள். "ஏங்க, ஒரு கரண்டி குடிச்சுட்டு ஒரு லாரி மூட்டையைத் தள்ளுறவர் பேசற பேச்சா இது?"

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு. இவருக்கு மட்டும் வரவில்லை.

"சந்தேகம்னா கிடங்குல நான் இன்னொரு கரண்டி எடுத்துப் பாப்பேன்" என்றார்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அவர் தினமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

துணுக்கு அகப்படவே இல்லை என்று முடிவு வந்தது.

"சுத்தமா இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எங்க சோதனையில தெரியற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா, ஒளிக்காமல்.

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதான் ரெண்டு தடவை பாத்தாச்சே. இன்னும் என்னங்க யோசனை?"

அவர் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். பெயர் கோணலாக விழுந்தது. வெளியே வந்ததும் மனைவி அழுகையும் சிரிப்புமாக மகளுக்குப் போன் போட்டாள். அவரும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பூசணம் பிடித்த அந்தச் சரக்கையும் அவர் இரண்டு தடவை சுவைத்துப் பார்த்துத்தான் 'எடு' என்றிருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை.