கோபுரத்தைப் பார்த்துக் கழற்றிய செருப்பு

"விருந்தினர் காலணியைக் கழற்றும் இடத்திலிருந்து அதை மீண்டும் அணியும் இடம் வரை, நடக்கும் தரை நிழலில் இருக்க வேண்டும், அல்லது நனைந்திருக்க வேண்டும், அல்லது அதன்மேல் விரிப்பு இருக்க வேண்டும்."

எங்கள் பார்க்கின் பாதுகாப்புக் கையேட்டில், உடையும் காலணியும் பற்றிய பகுதியில் உள்ள விதி இது. நல்ல விதி. 'தண்ணீர் ரைடுகளுக்கு மட்டும்' என்று அதன் தலையில் ஒரு வரி இருந்ததுதான் தொல்லை.

ஆரணியிலிருந்து வந்தவாசி போகும் ரோட்டில் இருந்த அந்தத் தீம் பார்க்கில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, வெயில் காலத்தில் வருகிறவர்கள் என்ன உடுத்தி வர வேண்டும் என்பதைத்தான். கேட்டில் இருக்கும் போர்டைப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கலாம். போர்டில் இல்லாதது ஒன்று உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

1. நைலான் கவுன்ட்டர்

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. ஆரணியிலிருந்து ஒரு வேனில் மகளிர் குழுப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் வீட்டுத் தறியில் பட்டு நெய்கிறவர்கள். ஆனால் ஒருவர் உடம்பிலும் பட்டு இல்லை. வெளுத்த காட்டன் புடவை, தலையில் ஈரத் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான உடையை நான் பார்த்ததில்லை. எங்கள் போர்டிலோ இறுக்கமான ஜீன்ஸ் போட்ட ஒரு குடும்பம் வியர்வையே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும்.

நீச்சல் குளத்துக்குள், கவுன்ட்டரில் வாடகைக்குத் தரும் நைலான் உடை மட்டும்தான். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நூல் பிரிந்து ஃபில்டரில் சிக்கும். காரணமுள்ள விதி. அதைச் சொன்னதும் தனம் என்ற பெண் முன்னால் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் தங்கையின் குழந்தை.

"வருஷம் பூரா பட்டுல கைய வெச்சிகினு கெடக்கறோம். ஒரு நாளு வெளிய வந்தா நைலான் போடுன்றீங்களே சார், ஞாயமா?"

"தண்ணிக்குள்ள போனாத்தாம்மா. வெளிய வந்ததும் மாத்திக்கணும். அதோட வெயில்ல சுத்தினா வேர்க்குரு வந்துடும்."

"அப்ப நாங்க தண்ணிக்கே போவல. பொடவையும் நனையாது, மானமும் நனையாது."

குழுவே சிரித்தது. சிரித்துக்கொண்டே தண்ணீர் இல்லாத ரைடு எது என்று கேட்டார்கள். டிக்கெட் கவுன்ட்டர் பையன் கையை நீட்டிக் காட்டிய இடம் 'பாதாள உலகம்'.

2. டிரை ரைடு

பாதாள உலகம் இருட்டுக்குள் ஓடும் ஒரு சின்ன ரயில். முகப்பில் ஃபைபரில் செய்த கோபுரம், இரண்டு துவாரபாலகர்கள், மின்சார விளக்கு, ஸ்பீக்கரில் நாதஸ்வரம். சென்னையிலிருந்து வந்த டிசைனர் ரசித்துச் செய்தது. கையேட்டின்படி அது டிரை ரைடு. விருந்தினர் செருப்போடுதான் ஏற வேண்டும்.

அந்தப் பெண்கள் கோபுரத்தைப் பார்த்தார்கள். படியருகில் செருப்பைக் கழற்றி ஜோடி ஜோடியாக வரிசையில் விட்டார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. படியில் கோபுரத்தின் நிழல் விழுந்திருந்ததால் காலும் ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேட்டர் மடிக்கு மேல் கம்பி பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பாதத்தைப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

ரயில் இறக்கிவிடும் இடம் பின்பக்கம். அங்கே ஓர் இரும்புத் தகட்டுச் சரிவு, அதன் முனையில் ஒவ்வொருவராக விடும் சுழல் கதவு, அதற்கப்பால் முகப்பு வரை நிழலே இல்லாத சிமெண்ட் பாதை. உச்சிவெயிலில் அந்தத் தகட்டில் தோசை வார்க்கலாம்.

முதலில் வந்தவர்கள் குதித்துக் குதித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு, பாதைக்கு அப்பால் இருந்த புல்லுக்கு ஓடினார்கள். தனம் கடைசி. இடுப்பில் இருந்த குழந்தைக்கும் செருப்பில்லை. கதவு விடும் வரை தகட்டின் மேலேயே நின்றார். பிறகு குழந்தையின் எடையோடு சிமெண்டில் நடந்தார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது புல்லில் உட்கார்ந்திருந்தார். குழந்தை ஒன்றும் ஆகாமல் மடியில் இருந்தது.

முதலுதவி அறையில் நர்ஸ் கோமதி அவர் பாதங்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க்கா, கொழந்தைய எறக்கி வுட்டுட்டு ஜல்தியா ஓடியிருக்கக் கூடாதா?"

"எறக்கி வுட்டா அது காலு வேவாதா?" என்றார் தனம். பிறகு, "மிதி மிதிக்க எத்தினி நாளு ஆவும்மா?" என்று கேட்டார்.

குழித்தறியில் மேலே கைக்கு வேலை, கீழே காலுக்கு வேலை. குழிக்குள் இருக்கும் மிதிகளை இரண்டு பாதங்களும் நாள் முழுக்க அழுத்த வேண்டும். தனத்தின் தறியில் அப்போது ஆனி மாதக் கல்யாணம் ஒன்றுக்கு முகூர்த்தப் புடவை பாதியில் இருந்தது. கோமதி அடுத்த குவளைத் தண்ணீரை ஊற்றினாள்.

3. ரிப்போர்ட்

மேனேஜர் என்னைவிட இருபது வயது சிறியவர், மரியாதை தெரிந்தவர்.

"டிரை ரைடுல நாம செருப்பக் கழட்டச் சொல்றதே இல்லையே சார். 'கெஸ்ட் முறையான காலணி அணியவில்லை'ன்னு போட்டுடுங்க. முடிஞ்சுது."

"காலணியோடதான் சார் வந்தாங்க."

"அப்புறம் யாரு கழட்டச் சொன்னது?"

"கோபுரம்."

"தமாஷ் பண்ணாதீங்க சார்."

"தமாஷ் இல்ல சார். துவாரபாலகர வெச்சோம், வெளக்கு வெச்சோம், மேளம் போட்டோம். செருப்போட ஏறலாம்னு ஒரு போர்டு மட்டும் வெக்கல."

"அது வெறும் டெக்கரேஷன் சார்."

"அவங்களுக்கு அது தெரியாதே."

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே படியில் போர்டு வைத்தேன். தகட்டில் தண்ணீர் அடிக்கத் தோட்டப் பிரிவின் ஹோஸ் பைப்பைக் கேட்டேன். செடிக்கு வாங்கிய பைப்பை இரும்புக்கு எப்படித் தருவது என்று கேட்டார்கள். இண்டென்ட் என்கிற கோரிக்கைச் சீட்டைப் போட்டு வாங்கினேன். இதெல்லாம் என் அதிகாரத்துக்குள் இருந்தவை.

4. பேர் போட்ட புடவை

வாக்குமூலம் வாங்க ஆரணியில் தனத்தின் வீட்டுக்குப் போனேன். பாதங்களில் கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தார். கணவர் செய்யாறு கம்பெனியில் ஷிப்டுக்குப் போயிருந்தார். தறி சும்மா நின்றது. பாவும் பட்டும் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி ஏகாம்பரம் அங்கே இருந்தார்.

"கல்யாணத்துக்கு ஆவாது சார். பாதியில வேற கை பட்டா அடி மாறிடும், பொடவையில கோடு வுழுந்தா மாரி தெரியும்."

"வேற யாருக்காவது வித்துக்கக் கூடாதா?"

தனம் தறியைக் காட்டினார். முந்தானையில் ஜரிகையில் மணமக்களின் பெயர்கள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. இப்போது எல்லோரும் கேட்பது அதுதான்.

"பேரு போட்ட பொடவ சார்," என்றார் ஏகாம்பரம். "அதே பேருல இன்னொரு ஜோடிய நான் எங்க போயி தேடறது? பார்ட்டி எடுத்துகினா இந்தம்மாவுக்குக் கூலி, எனக்குப் பட்டுக் காசு. எடுக்கலன்னா ரெண்டு பேருக்கும் நாமம். தாலி பிரிச்சிக் கோக்கறதுக்குக் கட்டிக்கங்கன்னு பொண்ணோட அப்பாவக் கேட்டேன். நெய்யறவங்க காலு வெந்துச்சின்னா நம்ப மாட்டேன்றாரு. காலு ஃபோட்டோ அனுப்பினா, நெட்ல எடுத்ததுன்றாரு."

"நீங்க வேற யாருக்கும் பொய் சொன்னதே இல்லியா மொதலாளி?" என்றார் தனம்.

"சொல்லியிருக்கேன். எங்க ஆயா செத்துட்டாங்கன்னு மூணு தபா சொல்லியிருக்கேன். அதுக்கு இப்ப வந்து மாட்டிகினேன்."

ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டு பாதங்களிலும் தீக்காயம் என்று மட்டும் இருந்தது. எப்படி என்று இல்லை. ஏகாம்பரத்தின் ஃபோனில் பெண்ணின் அப்பாவிடம் நானே பேசினேன்.

"நீங்க யாரு?" என்றார்.

சொன்னேன்.

"அவரே யாரையோ வெச்சுப் பேச வைக்கிறார்னு நான் ஏன் நினைக்கக் கூடாது? உங்க லெட்டர்ஹெட்ல, எங்க, எப்படிக் காயம் ஆச்சுன்னு எழுதி அனுப்புங்க. ஆடிப்பெருக்கு அன்னிக்குத் தாலி பிரிச்சுக் கோக்கறோம். அதுக்குள்ள வந்தா புடவைய எடுத்துக்கறேன். வரலன்னா எனக்கு வேண்டாம்."

அவர் கேட்டது நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தால் முத்திரையும் கேட்டிருப்பேன்.

விருந்தினர் காயம் குறித்து லெட்டர்ஹெட்டில் எதை எழுதினாலும் தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவு முன்அனுமதி தர வேண்டும். நான்கே வரியில் கடிதத்தின் வரைவை எழுதி, அனுமதி கேட்டு அன்றைக்கே அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். இன்னொன்று அனுப்பினேன். அதற்கு அதுகூட வரவில்லை.

"சீலு உங்க கையில இருக்குது, பேனா இருக்குது," என்றாள் கோமதி. "எழுதிக் குடுத்துட்டு வாங்க சார். ரிட்டயர் ஆவப் போறவர இன்னா பண்ணிடுவாங்க?"

"என்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அந்தாளு லேசுல நம்பறவர் இல்ல. ஹெட் ஆபீஸுக்கு ஃபோன் போட்டுக் கேப்பாரு. அப்படி ஒரு லெட்டரே நாங்க குடுக்கலன்னு சொல்லுவாங்க. அதோட தனம் பொய்க்காரி ஆயிடுவா."

"உங்களோட பேஜாரு சார்," என்று எழுந்து போனாள். அவள் சொன்னதும் தவறில்லை.

கல்யாணம் நடந்தது. பெண் வேறு புடவை கட்டினாள். தனத்தின் பாதங்கள் ஆறின. புதுத் தோல் சரியாகக் கெட்டிப்படும் முன்பே குழிக்குள் இறங்கிவிட்டார். ஆனி முடிவதற்குள் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தார். அது மடிப்பு கலையாமல் ஏகாம்பரத்தின் கடை அலமாரியில் ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தது.

"லெட்டரு வந்துச்சா சார்?" என்று தனம் கேட்டார்.

"வரலம்மா."

"ஒரு பேப்பருக்கு உங்க ஆபீஸ்ல எத்தினி பேரு சார்?"

"மூணு டிபார்ட்மென்ட்."

"வெந்த கால வெச்சிகினு நான் ஒரு பொடவையே முடிச்சிட்டேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. 

5. என்ன உடுத்தி வர வேண்டும்

கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெயிலில் பார்க்குக்கு வருகிறவர்கள் தளர்ந்த, வெளிர் நிறப் பருத்தி உடுத்தி வரட்டும். தலைக்குத் தொப்பியோ துண்டோ வேண்டும். நைலான் குளத்துக்குள் மட்டும். காலுக்குப் பின்வார் வைத்த செருப்பு நல்லது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அதன் காலிலும் செருப்பு இருக்கட்டும். இதையெல்லாம் போர்டில் எழுதலாம், எழுதியும் இருக்கிறோம்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. தனம் சரியான உடையில்தான் வந்தார். உள்ளே வந்தபின் நாம் கட்டி வைத்ததைப் பார்த்து ஒன்றைக் கழற்றினார். வருகிறவர் என்ன அணிந்து வந்தார் என்பதை கேட்டில் நிற்பவர் பார்த்துக்கொள்வார். நம்மால் எதைக் கழற்றினார், அதைத் திரும்பப் போடும் வரை எதன்மேல் நடந்தார் என்பதைப் பார்ப்பது நம் வேலை. 'கழற்றச் சொல்லவில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறவரை ரைடு பக்கம் நிறுத்தாதீர்கள்.

தலைமை அலுவலகத்தின் பதில் பதிவுத் தபாலில் வந்தது. அனுமதி தந்திருந்தார்கள். நான் எழுதிய நான்கு வரிகளில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. உறையின் மேல் 'அவசரம்' என்று இருந்தது. அதை வாங்கி, வரும் தபாலுக்கான இன்வர்டு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அன்று ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஆடி பத்தொன்பது.