பச்சையாகாத அறைகள்

நுவரெலியாவில் நான் வேலை செய்யும் ஹோட்டலில், அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு போன் கொடுத்தோம். அறை தயாரானதும் அதில் ஒரு தட்டு. வரவேற்பு மேசைத் திரையில் அந்த அறையின் சிவப்பு பச்சையாகும். அதை அமைத்ததும் பழக்கியதும் நான்தான்.

முதல் நாள் திரை சிவப்பாகவே கிடந்தது. விருந்தினர்கள் பெட்டிகளோடு காத்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் பச்சையாகின. மேனேஜர் அந்தப் பெண்களின் சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டார்.

"நாளைக்கும் இப்படின்னா இந்தப் பொறுப்புக்கு வேற ஆள் வரும்."

நான் மூன்றைச் சோதித்தேன்: சிக்னல், பேட்டரி, போனில் போட்டிருந்த செயலி. எதிலும் குறையில்லை. துணி அறைக்குப் போய் அக்காவிடமே கேட்டேன். அவரும் மற்றவர்களும் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள்.

"ரூம் முடிஞ்சதும் ஏங்க்கா அமுக்கல?"

"அமுக்கினா ஸ்கிரீன்ல ரூமுக்குப் பக்கத்துல அவவ பேரு வருதுல்ல?" ஜன்னலோரம் நின்ற பெண்ணைக் காட்டினார். "இவ ஆபரேஷன் பண்ணிட்டு இப்பத்தான் வேலைக்கு வந்திருக்கா, மெதுவாத்தான் முடியுது. இவ பேருல மட்டும் செவப்பு நின்னா நல்லாவா இருக்கும்? மலையில தன் தேயிலை நிரை முடிஞ்சவ, பிந்தினவளுக்குக் கைகொடுத்துட்டு, எல்லாரும் ஒண்ணாத்தானே கொழுந்து நிறுக்கப் போவோம். அதான் கடைசி ரூம் முடியிற வரைக்கும் யாரும் அமுக்கல."

"என்னையச் சாக்கு வச்சு எல்லாரும் பிளேன்டீ குடிச்சாளுங்க," என்றாள் அவள், தலையணை உறையை உதறியபடி.

மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, திரையிலிருந்து பெயர்களை எடுத்தேன். எல்லா அறைகளின் நிறமும் எல்லாப் போன்களிலும் தெரியும்படி செய்தேன்.

மறுநாள் சுற்றுலா பஸ் ஒன்று சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. திரையில் ஒரு பச்சை, பக்கத்தில் இன்னொன்று. பிறகு மாடியின் கோடியில் பிந்தியிருந்த அறைகள் அடுத்தடுத்து மாறின. கீழே நிற்க முடியாமல் மாடிக்கு ஓடினேன். முடித்தவர்கள், யாரும் ஏவாமலே, போனில் சிவப்பைப் பார்த்து அந்தந்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கட்டிலின் இரு பக்கமும் இருவர்; விரிப்பு காற்றில் எழுந்து ஒரு சுருக்கமில்லாமல் இறங்கியது. எனக்கு மெய்சிலிர்த்தது. நான் செய்தது சின்ன மாற்றம். அதை வைத்து இப்படியும் வேலை செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மேனேஜர் படியேறி அக்காவிடம் வந்தார்.

"எல்லாருக்கும் சாவி குடுத்தாச்சு. பொறுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்."

"சரிங்க சேர்," என்றார் அக்கா. "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, தரை ஈரமா இருக்கு."