பெர்மிட்

மலேசியாவில் பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய பத்துமலைக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. 1970இல் வேலை பெர்மிட் கேட்டு மூன்று முறை அலைந்தும் கிடைக்கவில்லை. அவன் மனைவி நல்லம்மாள் இங்கேயே பிறந்தவள், குடியுரிமையுள்ள நீல அட்டைக்காரி.

“ஊருக்குப் போயிட்டு ரெண்டு வருசத்துல வந்துர்றேன் லா,” என்றான்.

“சும்மா ஒக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும். போங்க,” என்று அவளே பெட்டியைக் கட்டினாள். பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பியவளுக்கு லயத்து வீடு ஏனோ பெரிதாகத் தெரிந்தது.

முதல் வருடம் நான்கு கடிதம் வந்தது. மறு வருடம் ஒன்று. அப்புறம் இல்லை. ஆறு வருடம் கழித்து ஊரிலிருந்து வந்த ஒருவர், பத்துமலை அங்கே வேறொருத்தியோடு குடும்பமாக இருப்பதாகச் சொன்னார். நல்லம்மாள் கேட்டுக்கொண்டாள். பால் நிறுக்க நேரமாகிவிட்டதென்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ஈப்போ புந்தோங்கில் ஓர் அறைக்குக் குடிவந்தாள். 1983இல் தெருவோரம் கச்சாங் பூத்தே என்கிற கடலை வறுத்து விற்க நினைத்தாள். நகராண்மைக் கழக விண்ணப்பப் பாரத்தை நிரப்பித் தந்தவர் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆங்கில டீச்சர் கௌரி. தலைப்பிலிருந்த ‘பெர்மிட்’டை அவர் வாசித்ததும் நல்லம்மாள் தாளைக் கையால் மூடினாள்.

“வேணாம் டீச்சர். அந்தப் பேரு எனக்கு ஆவாது.”

காரணத்தைக் கேட்டுக்கொண்ட கௌரி சொன்னார்: “அது லத்தீன்ல இருந்து வந்த சொல்லு. முதல்ல போகவிடுறது எண்டுதான் அர்த்தம். கைவிட்டு ஒப்படைக்கிறதையும் அப்பிடித்தான் சொன்னவை. அனுமதி எண்டு ஆனது பிறகுதான். இந்தக் கடதாசிக்கு அந்தப் பேர் வந்தது கடைசியா.”

நல்லம்மாள் தாளிலிருந்து கையை எடுத்தாள்.

“போகவிடுறதா? அப்ப அவருக்கு பெர்மிட்டு குடுத்தது நாந்தான் டீச்சர். ஆபீஸ்காரன் இல்ல.”

கௌரி பேனாவை மூடி வைத்தார்.

“எழுதுங்க டீச்சர்,” என்றாள் நல்லம்மாள். “புருசன் பேரு கேட்டா, தனியாத்தான் இருக்கேன்னு போடுங்க.” அதுவரை யாரிடமும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டு மாதத்தில் பெர்மிட் வந்தது. முதல் நாள் பாதிக் கடலைதான் விற்றது. மீந்ததை அள்ளி அறைவாசலில் உட்கார்ந்து தின்றாள். உப்புக் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.