குடத்தின் அடியில் இருந்த தண்ணீர்

கைக்காயத்தில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழுமுன் கை, முகம் கழுவும் நேரம் வந்ததும் மகள் ஒரு தட்டில் மண் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒளுவுக்கு மண்ணே போதும்மா. தொட்டு முகத்துலயும் கையிலயும் தடவிக்கங்க."

அப்போது மணமேல்குடியில் எனக்கு ஏழு வயது. கிணறுகள் வறண்டு, அத்தா குடிதண்ணீர் தேடிப் போயிருந்தார். தம்பி காய்ச்சலில் கிடந்தான். சுத்தமில்லாமல் கேட்டால் அல்லாஹ் கேட்கமாட்டான் என்று பயந்து, குடத்தின் அடியில் இருந்த தண்ணீர் முழுவதிலும் ஒளு செய்து தம்பிக்காகத் தொழுதேன். முடித்துத் திரும்பினால், அம்மா குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புள்ள தண்ணி கேக்குறானேடி! மண்ணத் தொட்டாலே போதும்னு ஒனக்கு நான் சொல்லிக்குடுக்கலையே..."

அத்தா கொண்டுவந்த தண்ணீரில் தம்பியின் மய்யித்தை, உயிரில்லாத உடலைத்தான் குளிப்பாட்டினார்கள்.

மண்ணில் கையை வைத்துவிட்டேன். முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை.