துண்டுக்குள் விலை

அன்று கடையில் ஐந்து பேர் இருந்தோம்.

நான். கடை என்னுடையது.

கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பெண். எங்கள் சந்தில் குடியிருந்த நகரசபைத் துப்புரவுத் தொழிலாளியின் மகள். இடப்பள்ளிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதச் சொன்னால் மலையாளம்தான் வரும்.

அவளுக்குப் பின்னால் தேவராவிலிருந்து வரும் பையன். தேவராக்காரன் என்றுதான் கூப்பிடுவோம். அப்பா கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். இவன் படம் வரைவான். வாய் ஓயாது.

நாற்காலியில் முதலாளி. மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம். தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. இந்த ஊரில் அதைத் தோர்த்து என்பார்கள்.

பக்கத்தில் ஸ்டூலில் அவருடைய தரகர். வாங்க வருகிறவர்களை முதலாளியிடம் கூட்டிவருவது அவர் தொழில். வாயில் வெற்றிலை. எங்கள் கடை உருப்படாது என்று முன்பே சொல்லிவிட்டவர்.

முதலாளிக்காக நாங்கள் செய்த வெப்சைட்டை அன்றுதான் அவருக்குக் காட்டுகிறோம். எங்கள் முதல் வேலை அது.

அந்த அறை முதலில் எஸ்.டி.டி. பூத். அதற்கும் முன்னால் நான் இதே முதலாளியின் கிடங்கில் சாக்கு தூக்கினேன். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. முதுகும் ஒரு நாள் நின்றது. டாக்டர் இனிப் பாரம் தூக்காதே என்றார். கண்ணாடிக் கூண்டு மூன்று வைத்து பூத் போட்டேன். கல்ஃபுக்குப் பேச வரிசையில் நின்றார்கள். சில வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஆளாளுக்குச் சட்டைப்பையில் செல்போன் வந்தது. வரிசை போயிற்று.

இரண்டு கூண்டுகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் போட்டேன். ஸ்கேனர் ஒன்றும் வாங்கினேன். அந்தப் பெண்ணையும் தேவராக்காரனையும் சேர்த்துக்கொண்டேன். பலகையில் வெப்சைட் செய்து தரப்படும் என்று எழுதி மாட்டினோம். அது என்ன என்று கேட்க வந்தவர்களே அதிகம். செய்யச் சொல்ல வந்தவர் முதலாளி மட்டும்தான். அவருடைய மருமகன் வெளிநாட்டிலிருந்து போனில் நச்சரித்திருக்கிறான்.

முதலாளி வேண்டாம் என்றால் கடையை மூடிவிட்டு அவருடைய கிடங்கு வாசலிலேயே போய் நிற்க வேண்டும். என் முதுகுக்கு அது தெரியும். அந்தப் பெண்ணின் அப்பா காக்கநாட்டில் அவளுக்குப் போன் எடுக்கும் வேலை பார்த்து வைத்திருந்தார். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

சாமான்களைப் படம் எடுக்க எங்களிடம் கேமரா இல்லை. ஸ்டூடியோக்காரர் எடுத்துக் கொடுத்த படத்தில் மிளகு தார் மாதிரி இருந்தது. தேவராக்காரன் பார்த்தான். ஸ்கேனர் மூடியைத் திறந்து, கண்ணாடி மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, மிளகை அப்படியே கொட்டினான். மேலே கறுப்புத் துணி போட்டு மூடினான்.

படம் வந்தது. ஒவ்வொரு மணியின் சுருக்கமும் தெரிந்தது. பிறகு சுக்கு. பிறகு மஞ்சள். பிறகு ஏலக்காய். வற்றல் மிளகாய் வைத்த அன்று மூன்று பேரும் தும்மித் தீர்த்தோம். பூத்தில் பேசிக்கொண்டிருந்தவர் எங்களைத் திட்டிவிட்டுப் போனைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

கூண்டுகளைக் கழற்றிய பிறகு போன் லைன் ஒன்றுதான் மிச்சம். அதில் இன்டர்நெட் போட்டால் பூத்தில் பேச முடியாது. பூத்தில் பேசினால் இன்டர்நெட் கிடையாது. முதலாளி வந்த அன்று பூத் கதவில் லைன் இல்லை என்று அட்டை தொங்கவிட்டேன். மோடம் கத்தியது.

"எந்தா இது, பூனைய மிதிச்சாப்ல" என்றார் தரகர்.

"இப்ப கிட்டும் முதலாளி" என்றாள் பெண்.

கிடைத்தது. மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படம் இறங்கியது. முதலில் கிடங்கின் பெயர். பிறகு மிளகு. முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்தார். விரலால் திரையைத் தொட்டார்.

"இது என்ற குருமொளகுதானே?"

"உங்க சாக்குல எடுத்ததுதான் முதலாளி" என்றேன்.

"கையில வாரிடலாம் போல இருக்குடா."

தேவராக்காரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். படம் இன்னும் கீழே இறங்கியது. மிளகுக்குக் கீழே பெரிய சிவப்பு எழுத்தில் விலை. சுக்குக்குக் கீழே விலை. எல்லாவற்றுக்கும் விலை. அந்தப் பெண் பார்த்த வெப்சைட் எல்லாவற்றிலும் விலை இருந்தது. அதனால் கிடங்குக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டு அவளும் போட்டிருந்தாள்.

முதலாளி விரலை எடுத்துக்கொண்டார்.

"இத யாரு போட்டா?"

"நான்தான் முதலாளி."

"தெருவுல எல்லாரும் இதப் பாப்பாங்களா?"

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். "தெருவா? லோகம் முழுக்கப் பாக்கும்."

தரகர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. "கழிஞ்சு, எல்லாம் முடிஞ்சு. இனி நான் வீட்டுல கெடந்து உறங்கலாம். முதலாளியோட வெலைய பஸ் ஸ்டாண்டுலயும் எழுதி வெச்சிரு மோளே."

முதலாளி எழுந்துவிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"எங்க அப்பன் காலத்துலேர்ந்து எங்க வெலைய வாய் தொறந்து சொன்னதில்ல. எடுத்துரு. எல்லாத்தையும் எடுத்துரு."

எல்லாத்தையும் என்றால் விலையையா, வெப்சைட்டையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அவள்தான் கேட்டாள். "வாயால சொல்லாம பின்ன எப்படி முதலாளி விக்கிறீங்க?"

முதலாளி அவளைப் பார்த்தார். இந்தத் தெருவில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"டேய், கைய நீட்டு" என்றார் என்னிடம்.

நீட்டினேன். தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கை மேலும் போட்டார். துண்டுக்குள் என் விரல்களைப் பிடித்தார். முழுக் கையைப் பிடித்தால் இவ்வளவு, ஒரு விரலைப் பிடித்தால் இவ்வளவு, நடு விரலை மடக்கினால் அதில் பாதி. வாங்குகிறவன் முதலில் தன் விலையை அமுக்குவான். விற்கிறவன் பதிலுக்கு அமுக்குவான். சுற்றி நூறு பேர் நிற்கலாம். விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

சாக்கு தூக்கின காலத்தில் அந்தத் துண்டைத் தினமும் பார்த்திருக்கிறேன். உள்ளே என் கை போனது அன்றுதான்.

அவள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதலாளி, பத்து பேரு ஒரே நேரத்துல கேட்டா?"

"பத்து பேருக்கும் தனித்தனியாத்தான். ஒருத்தனுக்குச் சொன்னது அடுத்தவனுக்குத் தெரியாது."

"அப்ப ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க. நான் ஒரு தோர்த்து செஞ்சு வைக்கிறேன்."

தரகர், "தையல் மெஷினும் இருக்கா?" என்றார். முதலாளி டீக்கடைப் பக்கம் நடந்தார். அவர் நடந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. வீட்டுப் பக்கம் நடக்கவில்லை.

துண்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். தேவராக்காரன் அதை எடுத்து மடித்து ஸ்கேனரில் வைத்தான்.

"டேய், அது முதலாளியோடது" என்றேன்.

"அதுக்காகத்தான் அண்ணா."

திரும்பி வந்த முதலாளி தோளைத் தடவிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். விலைகள் இல்லை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அவருடைய துண்டு இருந்தது, கரை முதற்கொண்டு. அவள் அதை அமுக்கிக் காட்டினாள். கட்டங்கள் திறந்தன. பெயர் என்ன, எந்தச் சரக்கு, எவ்வளவு வேண்டும். கடைசிக் கட்டத்தில், நீங்கள் சொல்லும் விலை.

"வாங்கறவன் இதுல அமுக்குவான். அது மெயிலா உங்களுக்கு மட்டும் வரும். நீங்க திருப்பி அமுக்கினா அவனுக்கு மட்டும் போகும். நடுவுல யாருக்கும் தெரியாது."

முதலாளி கையை நீட்டினார்.

"என்ற தோர்த்த குடு" என்றார். தேவராக்காரன் ஸ்கேனரைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒரு மாசம் பாக்கட்டே. அதுக்குள்ள ஒருத்தன் இதுக்குள்ள கைய விட்டு வாங்கினா பணம் தரேன். இல்லேன்னா பலகைய எறக்கிட்டுக் கிடங்குக்கு வா. வாசல்ல உக்காந்து சாக்குக்கு எண் போடற வேல இருக்கு."

இரக்கத்தில் சொன்னார். அதுதான் உறைத்தது.

முதலாளியிடம் கம்ப்யூட்டர் இல்லை. காலையில் கடை திறந்ததும் அவருக்கு மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையாயிற்று. எனக்கு இங்கிலீஷ் வராது. புதிதாக ஏதாவது வந்தால் பக்கத்தில் எண் காட்டும் என்று அவள் சொல்லித் தந்திருந்தாள். எண் வரவில்லை. லைனைப் பிடுங்கி பூத்தில் போடுவேன். மத்தியானம் மறுபடி மோடத்தில் போடுவேன். எண் இல்லை. கல்ஃபுக்குப் பேச வந்த ஒருவர், "சேட்டா, இது போன் பூத்தா, பூனை வளக்கற இடமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பூனைப் பேச்சு தெருவெல்லாம் பரவியிருந்தது.

ஒரு காலை எண் வந்தது. ஒன்று. அவளைக் கூப்பிட்டேன். ஓடி வந்து திறந்து படித்தாள். மூக்கு சிவந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"கப்பை ஒரு கிலோ வேணுமாம். சொன்ன வெலை எட்டணா."

மிளகுக் கிடங்கில் மரவள்ளிக் கிழங்கு. தேவராக்காரன் விழுந்து சிரித்தான். தரகரின் வேலை. இடப்பள்ளியில் ஏதோ பிரவுசிங் சென்டரில் ஆளைப் பிடித்து அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் அவரே வந்து கூண்டில் சாய்ந்துகொண்டு, "கப்பை எப்ப கிட்டும்?" என்றார்.

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்க எடப்பள்ளியில அமுக்கினது இங்க வந்துட்டுதே சேட்டா. தோர்த்து நல்லா வேல செய்யுது. தாங்க்ஸ்."

தரகர் சிரிப்பை நிறுத்தினார். எங்களுக்கும் அப்போதுதான் அது புரிந்தது. துண்டு வேலை செய்தது. கை நீட்ட ஆள் வராததுதான் குறை.

மாதம் முடியப் போகும் நேரத்தில் மறுபடி ஒன்று என்று வந்தது. நான் அவளைக் கூப்பிடவில்லை. இன்னொரு கப்பைக் கிலோ என்று நினைத்தேன். அவளாக வந்து பார்த்தாள். நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள்.

மராட்டியப் பக்கம் ஒரு மசாலா ஆலை. சுக்கு வேண்டும். ஒரு லாரி நிறைய. விலையும் போட்டிருந்தார்கள்.

தேவராக்காரன் முதலாளியைக் கூட்டிவர ஓடினான். அவர் வந்தார், பின்னாலேயே தரகரும். அவள் மெயிலை வாசித்தாள். விலை வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு திரையில் விரலை வைத்து முதலாளிக்குக் காட்டினாள். தரகர் எட்டிப் பார்த்தார். அவள் தன் துப்பட்டாவை எடுத்துத் திரை மேல் போட்டாள்.

"மோளே, நான் முதலாளியோட ஆளாக்கும்" என்றார் தரகர்.

"கப்பைக்காரங்களுக்குக் காட்டறதில்ல" என்றாள்.

முதலாளி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பதில் விலை அனுப்ப வேண்டும். அவர் வாயால் சொல்ல மாட்டார். அவளுடைய கையைப் பிடிக்க முடியாது, பெண் பிள்ளை. என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். துண்டு விழுந்தது. உள்ளே விரல்களை அமுக்கினார். சரியாகப் பிடித்துக்கொண்டேன். மறுபடி ஒரு தடவை அமுக்கச் சொன்னேன். அதே விலைதான்.

"அண்ணா, நீங்களே அடிங்க. நான் பாக்கல" என்று அவள் நாற்காலியை விட்டு எழுந்து சுவரைப் பார்த்து நின்றாள்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. எண் வரும். ஒற்றை விரலால் அடித்தேன். அவள் திரும்பாமலேயே எந்தப் பொத்தான் என்று சொன்னாள். அமுக்கினேன். போயிற்று.

மறுநாள் ஆலையிலிருந்து விரல் நீண்டது. கொஞ்சம் குறைத்திருந்தார்கள். முதலாளி துண்டுக்குள் யோசித்தார். என் நடு விரலை மடக்கினார். நான் அடித்து அனுப்பினேன். அதற்கு மறுநாள் ஆலை ஒத்துக்கொண்டது. பாங்கில் முன்பணம் வந்துவிட்டதாகக் கணக்குப்பிள்ளை ஓடி வந்து சொன்னார். அந்தப் பெண்ணின் அப்பாவும் அன்று கடைக்கு வந்தார். காக்கநாட்டு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு அந்தத் தெருவில் வெப்சைட் என்ற சொல்லையே யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கிடங்குக்காரர் வந்தார். எதிர்ப்பக்க ஏலக்காய்க்காரர் வந்தார். எல்லாரும் கேட்டது ஒன்றுதான். எனக்கும் ஒரு தோர்த்து போட்டுத் தா. ஒவ்வொருவருடைய துண்டையும் ஸ்கேனரில் வைத்து எடுத்தோம். ஒருவர் துண்டை மற்றவருக்குப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். கடைசியாக வந்தவர் தரகர். தன் பெயரிலும் ஒன்று வேண்டும் என்றார். புதிதாக வாங்கிய துண்டு கொண்டுவந்திருந்தார். மூன்றாவது கூண்டையும் கழற்றினேன்.

சுக்கு லாரி ஏற்றின அன்று முதலாளி ஆள் விட்டார். போனேன். பழைய கூட்டாளிகள் சாக்கோடு இறங்கி வந்தார்கள்.

"வாப்பா கம்ப்யூட்டர் முதலாளி, ஒரு கை குடுக்கறியா?"

"என் கை துண்டுக்குள்ள இருக்கு" என்றேன். சிரித்தார்கள்.

முதலாளி வாசலில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். தனக்கு என்று நினைத்தேன். எனக்கு.

"உக்காரு. இது நீ வித்த சரக்கு. நீயே எண்ணு."

உட்கார்ந்தேன். முதல் சாக்கு என்னைத் தாண்டிப் போனது. சுக்கு மணம் அடித்தது. தும்மவில்லை. லாரியின் பின்கதவைச் சாத்தும் வரை எண்ணினேன்.

நூற்று முப்பத்தாறு.