போட்டோ ஃபைலுக்கு இடமில்லை

பத்தாவதோடு நின்றவள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் டிசைன் அறையில் இருந்தேன். ஐயம்பேட்டை, தாமல் பக்கத்து நெசவு வீடுகளுக்குப் போய், பழைய சேலைகளைப் போட்டோ எடுத்துவந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். எனக்கு அந்த ஒரு வேலைதான். பக்கத்து மேசையில் இருந்த டிசைனர் தம்பி அதைப் பார்த்துக் கட்டம் கட்டமாக டிசைன் போடுவான். அந்த ஃபைலை வைத்துத்தான் தறியில் மாட்டும் துளை அட்டையை அடிப்பார்கள். மூன்று கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரே டேட்டாபேஸ். அது நிரம்பிப்போய்த் திறக்கவே முரண்டு பிடித்தது.

எந்த வகை ஃபைல் அதில் இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்ய முதலாளியின் மாப்பிள்ளை எங்கள் இருவரையும் கணக்குப்பிள்ளையையும் கூப்பிட்டார். போட்டோ ஃபைலை ஜேபெக் என்போம். ஜேபெக் போனால் நானும் போகவேண்டியதுதான். இது அவருக்கும் தெரியும்.

“டிசைன் ஃபைலு நம்ம வூட்டுப் புள்ள. சோறு போடுது. இந்த ஜேபெக்கு இன்னா பண்ணுது? விருந்துக்கு வந்துட்டு, பாய விரிச்சிப் படுத்துக்கினு இருக்குது.”

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கணக்குப்பிள்ளை சிரித்தார்.

“கலரு போட்டோலதான் இருக்குது சார். டிசைன் ஃபைல்ல வெறும் கட்டம்தான்...” பாதியிலேயே என் குரல் இறங்கிவிட்டது.

“இன்னாமா, நீயே போட்டோ மாதிரி நிக்கிற. சத்தமே வரல.” பிறகு டிசைனரிடம் திரும்பினார். “நீ சொல்லுப்பா. போட்டோ இல்லாம உனக்கு ஓடுமா, ஓடாதா?”

தினமும் என் டிபன் பாக்ஸில் பாதியைச் சாப்பிடுகிறவன். ஓடாது என்பான் என்று நினைத்தேன். அவன் திரையைப் பார்த்தபடியே, “சேலையக் கையில குடுத்தா பார்த்துப் போட்டுக்குவேன் சார்” என்றான்.

“அப்புறம் இன்னா. நீயே அழிச்சிடுமா. எது எங்க இருக்குதுன்னு உனக்குத்தான தெரியும். கீபோர்டுல மட்டும் அழுது வெக்காத, கெட்டுப்பூடும்.”

உட்கார்ந்தேன். அவர் வெளியே போனதும் டிசைனர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான்.

“அக்கா, என் கல்யாண போட்டோ கொஞ்சம் அதுல கெடக்குது. அத்த மட்டும் ஒரு சிடில போட்டுக் குடுத்துட்டு அழிக்கா.”

போட்டுக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டான். பிறகு மீதியை எல்லாம் அழித்தேன்.

மறுநாள் என் மேசைமேல் பிரிண்டரை வைத்தார்கள்.